ஒரு நாற்காலி, ஒரு ஜன்னல்: படத்துக்குள் மனநிலையைக் கொண்டுவரப் பழகும் பயிற்சிகள்

"சோகமாக ஒரு படம் எடுத்துக்கொண்டு வாருங்கள்" என்று முதன்முதலில் ஒரு மாணவர் குழுவிடம் சொன்னபோது, எனக்குத் திரும்பி வந்தவை ஏறத்தாழ ஒரே படம்தான். தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கும் நண்பன், முகத்தை மூடிய கைகள், எல்லாமே கருப்பு வெள்ளை. அவர்கள் மேல் தப்பில்லை, நான் கேட்ட விதம்தான் தப்பு. சோகத்தை எடு என்றால் சோகமாக இருக்கிற ஒன்றைத் தேடித்தான் யாரும் போவார்கள். ஆனால் ஒரு படத்தின் மனநிலையில் பெரும்பங்கு எடுக்கப்படும் பொருளில் இருப்பதில்லை. ஒளி எந்தப் பக்கமிருந்து விழுகிறது, பொருளைச் சட்டகத்தில் எங்கே வைத்தோம், எவ்வளவு இடத்தைச் சும்மா விட்டோம், எந்த உயரத்தில் நின்றோம் என்ற முடிவுகளில்தான் அது இருக்கிறது.

அடுத்த முறை எந்த உணர்ச்சியும் இல்லாத ஒரு நாற்காலியைக் கொடுத்து, அதை வைத்தே எல்லாவற்றையும் செய்யச் சொன்னேன். கீழே வருவது அந்த வரிசைதான். தனியாகவும் செய்யலாம், வகுப்பாகவும் செய்யலாம். கூடியவரை ஒரு பயிற்சியில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒளியையும் கோணத்தையும் நிறத்தையும் சேர்த்து மாற்றிவிட்டால் படம் நன்றாக வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது.

தொடங்கும் முன்

போன் போதும். ஆனால் இன்றைய போன்கள் படம் எடுத்த கையோடு தாங்களாகவே அதைத் 'திருத்தி'விடுகின்றன. இருட்டைத் தூக்கிவிடும், வானத்தை நீலமாக்கும், முகத்தை மழுமழுவென்று ஆக்கும். நாம் வேண்டுமென்றே விட்ட இருட்டு அதற்குக் குறையாகத் தெரிகிறது. ஆகவே எச்டிஆர், நைட் மோட், பியூட்டி, ஃபில்டர் என்று அணைக்க முடிந்ததையெல்லாம் அணைத்துவிடுங்கள். பெரும்பாலான போன்களில் திரையில் ஓரிடத்தை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் எக்ஸ்போஷரும் (படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவு) பூட்டிக்கொள்ளும். அப்புறம் விரலை மேலும் கீழும் இழுத்து வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். இந்த ஒரு வசதி தெரிந்தாலே பாதிப் பயிற்சிகளைச் செய்துவிடலாம்.

போனின் முதன்மை லென்ஸ் பெரிய கேமராவின் சுமார் 24 முதல் 28 மி.மீ. லென்ஸுக்கு நிகரான அகலக் கோணம். பக்கத்தில் போய் எடுத்தால் நாற்காலியின் முன்கால்கள் பூதாகரமாகும். 2x வைத்துக்கொண்டு சற்றுப் பின்னால் நில்லுங்கள். கேமரா வைத்திருப்பவர்கள் 35 அல்லது 50 மி.மீ. என்று ஒன்றைத் தேர்ந்துகொண்டு அதிலேயே நிற்கலாம். ஜூம் லென்ஸ் என்றால் வளையத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுவது என் வழக்கம். கை சும்மா இருக்காது.

ஒரு பயிற்சிக்கு 12 படங்கள், அதற்கு மேல் வேண்டாம். எடுத்ததை உடனே அழிக்கவும் கூடாது. 36 படம் கொண்ட ஃபிலிம் ரோலில் கற்றவர்களுக்கு இந்தக் கஞ்சத்தனம் தானாக வந்தது. நமக்கு விதி போட்டுத்தான் வரவழைக்க வேண்டியிருக்கிறது. கூடவே ஒரு நோட்டு. ஒவ்வொரு படத்துக்கும் ஒளி வந்த பக்கம், நின்ற தூரம், கேமராவின் உயரம் மூன்றையும் ஒரு வரியில் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: சொல்லைத் தேடுங்கள்

கேமராவைத் தொடுவதற்கு முன் இந்தப் படி. சோகம், மகிழ்ச்சி, பயம் என்ற மூன்று சொற்களையும் தடை செய்துவிடுங்கள். அவை மிகவும் பெரியவை, எதை வேண்டுமானாலும் உள்ளே போட்டுக்கொள்ளும்.

இந்த விஷயத்தில் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எனக்குப் பெரிய உதவி. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு உணர்ச்சிகளைச் சொல்வதோடு அது நிற்பதில்லை. ஒவ்வொன்றும் பிறக்க நான்கு காரணங்களையும் தருகிறது. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்ந்ததால் வருவது வேறு, ஒன்றை இழந்ததால் வருவது வேறு, முன்பிருந்த நிலை கெட்டுப்போனதால் வருவது வேறு, இல்லாமையால் வருவது வேறு. இப்போது நாற்காலியைப் பாருங்கள். இழவு என்றால் அதில் ஒருவர் உட்கார்ந்திருந்தார், இப்போது இல்லை என்று படம் சொல்ல வேண்டும். அசைவு என்றால் இது ஒரு காலத்தில் நல்ல நாற்காலி என்று தெரிய வேண்டும். இரண்டும் சோகம்தான், ஆனால் கேமரா போய் நிற்க வேண்டிய இடம் ஒன்றல்ல.

பத்து நிமிடம் கொடுத்து ஆளுக்கு ஐந்து சொல் எழுதச் சொல்லலாம். 'யாரோ இப்போதுதான் எழுந்து போனது போல', 'விருந்தாளிகள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பு', 'திட்டு வாங்கப் போகிறோம் என்று தெரிந்து காத்திருப்பது' போன்ற சொற்றொடர்கள் ஒற்றைச் சொல்லைவிட நன்றாக வேலை செய்கின்றன. எழுதிய சீட்டை மடித்து வைத்துவிடுங்கள், கடைசியில் தேவைப்படும்.

இரண்டாம் படி: ஒளியை மட்டும் மாற்றுவது

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். மற்றவை ஒரு நாளில் முடியும் என்றால் இதற்கு ஒரு வாரம் கொடுங்கள்.

அறையின் விளக்குகளை அணைத்துவிட்டு, நாற்காலியை ஜன்னலிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். முதலில் ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நின்று எடுங்கள். நாற்காலி முழுக்கத் தெரியும், நிழல் இருக்காது, அடையாள அட்டைப் படம் போல ஒரு தட்டையான நேர்மை வரும். அடுத்து ஜன்னல் பக்கவாட்டில் வரும்படி நகருங்கள். ஒரு பாதி வெளிச்சம், ஒரு பாதி நிழல். மரத்தின் வரிகள், துணியின் சுருக்கம் எல்லாம் எழும்பி வரும். மூன்றாவதாக, நாற்காலிக்குப் பின்னால் ஜன்னல். இப்போது விளிம்புகள் மட்டும்தான் மிஞ்சும். நாற்காலி தன்னைப் பற்றி எதுவும் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டுவிடும். கேமராவோடு நகரும்போது பின்னணியும் மாறத்தான் செய்யும். சுவர்கள் வெறுமையாக இருக்கும் அறை கிடைத்தால் அந்தத் தொல்லை குறையும்.

இனி பக்கவாட்டு ஒளியிலேயே நின்றுகொண்டு எக்ஸ்போஷரை மட்டும் மாற்றுங்கள்: பூஜ்யம், மைனஸ் 1, மைனஸ் 2, பிளஸ் 1, பிளஸ் 2. ஒவ்வொரு மைனஸுக்கும் சென்சாரில் பதியும் ஒளி பாதியாகிறது. ஒளியை அளக்கும் கேமராவின் மீட்டருக்கு அறை என்ன, நாற்காலி என்ன என்று தெரியாது. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். வெள்ளைச் சுவரை மங்கலாக்குவதும் கருப்புத் துணியை வெளுக்க வைப்பதும் அதனால்தான். 'சரியான' எக்ஸ்போஷர் என்பது மீட்டரின் விருப்பம், உங்கள் மனநிலைக்கு அது ஒத்துவர வேண்டும் என்று கட்டாயமில்லை. மைனஸ் 2-இல் அதே நாற்காலி நள்ளிரவுக்குப் போய்விடும். பிளஸ் 2-இல் நினைவில் பாதி அழிந்த ஒன்றைப் போல வெளுத்து நிற்கும்.

மூன்றாவதாகத் தூரம். நாற்காலியை ஜன்னலை ஒட்டியும், அப்புறம் அறையின் மறுகோடியிலும் வைத்துப் பாருங்கள். சின்ன விளக்கு ஒன்றிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகும். ஜன்னல் பெரியது என்பதால் கணக்கு அவ்வளவு கறாராக வராது, ஆனால் போக்கு அதே போக்குதான். ஜன்னலை ஒட்டி இருக்கும்போது வெளிச்சம் சட்டென்று சரியும். நாற்காலிக்குச் சரியாக எக்ஸ்போஸ் செய்தால் பின்சுவர் இருட்டில் போய்விடும். மறுகோடியில் நாற்காலியும் சுவரும் ஏறக்குறைய ஒரே வெளிச்சத்தில் இருக்கும், நாடகத்தன்மை போய்விடும். 'யாரும் கவனிக்கவில்லை' என்ற சொல்லை எழுதியவருக்கு இந்த இரண்டாவது படம்தான் உதவும்.

கடைசியாக ஒளியின் கடினம். மெல்லிய வெள்ளைத் துணியை ஜன்னலில் தொங்கவிட்டு ஒன்று, நேரடி வெயிலில் ஒன்று. துணியில் பட்டுப் பரவும்போது நிழலின் ஓரம் கரைகிறது. நேர் வெயிலில் கத்தி வைத்து வெட்டியது போல இருக்கிறது. நண்பகலில் படமே எடுக்காதே என்று பலரும் சொல்லிக்கொடுப்பார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. பிரிவைப் பாடும் பாலைத் திணைக்கு நம் இலக்கணம் கொடுத்த பொழுதே நண்பகல்தான். குட்டையான நிழல், வெளுத்த நிறம், ஒளிய இடமில்லாத வெளிச்சம் எல்லாம் தேவைப்படுகிற மனநிலையும் இருக்கிறது. காத்திருப்புக்கு உரிய முல்லைக்கு மாலையைக் கொடுத்தவர்கள் வெளிச்சத்தைக் கவனித்துத்தான் கொடுத்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

மூன்றாம் படி: சட்டகத்தில் இடம்

ஒளியை அப்படியே விட்டுவிடுங்கள். ஒரு அட்டையில் 6 செ.மீ.க்கு 4 செ.மீ. ஓட்டை வெட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் வழியே பாருங்கள். கண்ணுக்கு அருகில் கொண்டுவந்தால் அகலமான காட்சி, கையை நீட்டினால் குறுகிய காட்சி. பொத்தானும் திரையும் இல்லாததால் மாணவர்கள் ஓரங்களைப் பார்க்கப் பழகுகிறார்கள். கேமராவைவிட இந்த அட்டையில்தான் அவர்கள் காம்போசிஷனை, அதாவது சட்டகத்துக்குள் எதை எங்கே வைப்பது என்பதை, கற்றுக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

பிறகு கேமராவில் 3-க்கு 3 கட்டக் கோடுகளைப் போட்டுக்கொண்டு, நாற்காலியைத் தொடாமல் கேமராவை மட்டும் திருப்பி ஒன்பது கட்டங்களிலும் ஒவ்வொரு படம் எடுங்கள். நடுவில் வைத்தால் விறைப்பு, சடங்கு, சில சமயம் அமைதி. மேல் மூலையில் வைத்தால் தொங்குவது போல ஒரு நிலையின்மை. கீழ் ஓரத்தில் வைத்தால் மேலே இருக்கும் காலியிடம் முழுவதும் அதன் தலைமேல் பாரமாக இறங்கும்.

பொருளை நடுவில் வைக்காமல் அந்தக் கட்டக் கோடுகளில் வை என்னும் 'மூன்றில் ஒரு பங்கு விதி' பற்றிக் கட்டாயம் யாராவது கேட்பார்கள். ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஓவியர் 1797-இல் நிலக்காட்சி ஓவியங்கள் பற்றி எழுதியபோது அந்தப் பெயரில் சொன்ன யோசனை அது. கேமரா பிறப்பதற்கு முன்பே வந்துவிட்டது. நல்ல யோசனைதான், எதையும் நடுவிலேயே வைக்கும் பழக்கத்தை உடைக்கும். ஆனால் எல்லாப் படமும் அந்தக் கோட்டில் வந்து நின்றால் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரியான, கண்ணுக்கு இதமான மனநிலைதான் கிடைக்கும். திட்டு வாங்கக் காத்திருப்பவனுக்கு இதம் எதற்கு?

நாற்காலிக்கும் முகம் உண்டு. உட்காருபவர் பார்க்கும் திசைதான் அது. அது பார்க்கும் பக்கம் இடம் விட்டு ஒன்று எடுங்கள். அப்புறம் அதைச் சட்டக ஓரத்தோடு முட்டவைத்து, முதுகுக்குப் பின்னால் இடம் விட்டு ஒன்று. முதலாவது எதையோ எதிர்பார்க்கிறது. இரண்டாவதில் ஒரு அடைபட்ட உணர்வு, இல்லாவிட்டால் பின்னாலிருந்து ஏதோ வரப்போகிறது என்ற உணர்வு. எந்தப் பாடத்தைவிடவும் இந்த ஜோடி படங்கள் வகுப்பில் அதிகம் பேச வைக்கும்.

அளவும் அப்படித்தான். நாற்காலி சட்டகத்தை நிரப்பும்போது நாம் நாற்காலியைப் பார்க்கிறோம். பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும்போது அறையைப் பார்க்கிறோம். ஒரு காலை மட்டும் ஓரத்தில் வெட்டிப் பாருங்கள், வேண்டுமென்று வெட்டியதா தவறா என்ற குழப்பமே ஒரு பதற்றத்தைத் தரும். பொத்தானை அழுத்தும் முன் நான்கு ஓரங்களிலும் கண்ணை ஒருமுறை ஓட்டிவிடுங்கள். பாதி சுவிட்ச், பாதி செருப்பு எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

நான்காம் படி: உயரமும் தூரமும்

தரையில் கேமராவை வைத்து ஒன்று, உட்கார்ந்த நிலையில் கண் உயரத்தில் ஒன்று, கையை உயர்த்தி மேலிருந்து ஒன்று. கீழிருந்து பார்த்தால் நாற்காலி அதிகாரமுள்ள இருக்கை. மேலிருந்து பார்த்தால் தரையில் கிடக்கும் ஒரு வடிவம். 1920-களில் ரஷ்யப் புகைப்படக் கலைஞர் ரோட்செங்கோ, எல்லாரும் தொப்புள் மட்டத்திலிருந்தே படமெடுக்கிறார்கள் என்று நொந்துகொண்டு, மாடியிலிருந்தும் தரையிலிருந்தும் எடுத்துக் காட்டினார். அன்றைக்குக் கேமராவை வயிற்றுக்கு நேரே பிடித்தார்கள், இன்றைக்குப் போனை மார்புக்கு நேரே பிடிக்கிறோம். புகார் மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

தூரத்துக்கு: பத்து எட்டு பின்னால் போய், இரண்டு எட்டுக்கு ஒரு படம் என்று நெருங்கி வாருங்கள். ஜூம் கிடையாது, கால்தான். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் டோரதியா லாங் 1936-இல் கலிஃபோர்னியாவின் தோட்டத் தொழிலாளர் முகாமில் ஒரு தாயையும் குழந்தைகளையும் எடுத்தபோது இப்படித்தான் ஒவ்வொரு படத்துக்கும் நெருங்கிப் போனதாகப் பின்னாளில் நினைவுகூர்ந்தார். தொலைவிலிருந்து எடுத்தவற்றில் கூடாரமும் சூழலும் தெரிகின்றன. உலகமே அறிந்த அந்தப் படத்தில் கூடாரத்துக்கு இடமில்லை. முகமும், தாடையைத் தொடும் கையும், இருபுறமும் முகம் திருப்பிச் சாய்ந்த பிள்ளைகளும்தான் இருக்கிறார்கள். நீங்கள் எடுத்த ஐந்தையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். எந்த எட்டில் 'ஒரு அறை' என்பது 'ஒரு நாற்காலி' ஆகிறது? அந்த இடம் ஒவ்வொருவருக்கும் வேறு.

கூடுதலாக ஒன்று. அருகில் நின்று 1x-இலும், தள்ளி நின்று 3x-இலும், நாற்காலி இரண்டிலும் ஒரே அளவில் இருக்கும்படி எடுங்கள். முதலாவதில் பின்சுவர் எங்கேயோ போய்விடும், இரண்டாவதில் நாற்காலியின் முதுகில் ஏறி உட்காரும். தனிமைக்கு முதலாவது, நெருக்கடிக்கு இரண்டாவது.

ஐந்தாம் படி: நிறம்

ஒளியின் நிறத்தைச் சமன் செய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவிலிருந்து எடுத்துவிட்டு எண்ணில் வையுங்கள். ஒளியின் நிறத்தைச் சொல்லும் அந்த எண்ணின் அலகு கெல்வின். மெழுகுவர்த்தி சுமார் 1,900 கெல்வின், மஞ்சள் பல்பு சுமார் 2,700, நண்பகல் வெயில் சுமார் 5,500, திறந்த வானத்தின் நிழல் 7,000-க்கு மேல். கேமராவில் எண்ணைக் கூட்டினால் படம் மஞ்சளாகும், குறைத்தால் நீலமாகும். விளக்குகளின் கணக்குக்கு நேர் எதிராக இருப்பதால் முதல் நாளில் எல்லாருமே குழம்புவார்கள். ஒளியை நீலமென்று கருதி அதைச் சமன் செய்யக் கேமரா மஞ்சளைச் சேர்க்கிறது, அவ்வளவுதான். அதே படத்தை 3,200-இலும் 5,500-இலும் 8,000-இலும் எடுத்து ஒப்பிடுங்கள்.

கருப்பு வெள்ளைக்கு மாற்றிப் பார்ப்பது கடைசியில். நிறத்தை எடுத்தால் ஆழம் வந்துவிடும் என்பது வெறும் நம்பிக்கை. நிறத்தை எடுத்தபின் வெளிச்ச வேறுபாடு மிஞ்சாத படம் சாம்பல் கஞ்சியாகத்தான் நிற்கும்.

ஆறாம் படி: பொருளே இல்லாமல்

இப்போது நாற்காலியை அறையை விட்டு வெளியே எடுத்துவிடுங்கள். சுவர், நிழல், வானம், துணியின் மடிப்பு, தண்ணீரின் மேல் ஒளி என்று தனிப் பொருளாகச் சுட்ட முடியாதவற்றால் முதல் படியில் எழுதிய சொல்லைக் கொண்டுவர வேண்டும். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆல்ஃப்ரெட் ஸ்டீக்லிட்ஸ் 1922-இல் மேகங்களை எடுக்கத் தொடங்கியதற்கு அவரே சொன்ன காரணம், தன் படங்களின் வலிமை அவற்றில் இருக்கும் பொருளால் வந்ததல்ல என்று காட்டுவது. மேகம் எல்லாருக்கும் கிடைக்கும், அதற்கு வரி கிடையாது என்றார். பத்தாண்டுக்கும் மேல் எடுத்தார், பலவற்றில் தரையோ அடிவானமோ கிடையாது. ஒன்பது பத்துப் படம் வீணாகும். ஒன்று தேறினால் போதும்.

ஏழாம் படி: மனிதர்

ஆளைக் கொண்டுவர இதுவரை காத்திருந்தது வீணில்லை. மாணவர்கள் இப்போது முகபாவத்தை நம்ப மாட்டார்கள். சம்மதம் கேட்டுவிட்டு நண்பரை நாற்காலியில் உட்காரவையுங்கள். 'சோகமாக இரு' என்று சொல்லாதீர்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்து மனத்துக்குள் எண்ணச் சொல்லுங்கள், செருப்பு வாரைப் பூட்டச் சொல்லுங்கள். வேலையில் இருக்கும் உடம்பு நடிக்காது. 12 படங்களில் ஆறில் முகம் தெரியக் கூடாது: கை, பிடரி, முதுகு, தரையில் நீளும் நிழல்.

எட்டாம் படி: இரண்டு படங்கள்

எந்த உணர்ச்சியும் காட்டாத முகம் ஒன்றை எடுத்து, அதன் பக்கத்தில் இதுவரை எடுத்தவற்றிலிருந்து ஒன்றை வையுங்கள். பின்பு அந்த இரண்டாவதை மட்டும் மாற்றுங்கள். ரஷ்ய இயக்குநர் குலெஷோவ் 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு நடிகரின் ஒரே முகத்தைச் சூப் கிண்ணம், சவப்பெட்டி, ஒரு பெண் ஆகியவற்றோடு மாற்றி மாற்றி இணைத்தார். பார்த்தவர்கள் அதே முகத்தில் வெவ்வேறு உணர்ச்சிகளைக் கண்டதாக அவர் மாணவர் புடோவ்கின் எழுதியிருக்கிறார். உங்கள் மேசையிலும் இது நடக்கிறதா என்று பாருங்கள்.

படம் பார்க்கும் நாள்

ஆளுக்கு ஐந்து படங்களை அச்செடுத்து, தலைப்பு இல்லாமல் சுவரில் ஒட்டுங்கள். எடுத்தவர் வாய் திறக்கக் கூடாது. மற்றவர்கள் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சொல்லைச் சீட்டில் எழுதிக் கீழே ஒட்டட்டும். 'நல்லா இருக்கு' எழுதினால் கிழித்துவிடலாம். எல்லாரும் எழுதி முடித்தபின் முதல் படியில் மடித்து வைத்த சீட்டைப் பிரித்துப் பொருத்திப் பாருங்கள்.

சொற்கள் பொருந்தாவிட்டால் தோல்வி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஐந்து பேரும் ஐந்து விதமாக எழுதியிருந்தால் படத்தில் முடிவுகள் ஒன்றோடொன்று சண்டை போடுகின்றன என்று பொருள்: ஒளி ஒன்றைச் சொல்கிறது, உயரம் வேறொன்றைச் சொல்கிறது. ஐந்து பேரும் ஒரே சொல்லை எழுதி, அது உங்கள் சொல்லாக இல்லாவிட்டால் இன்னும் நல்லது, படம் பேசுகிறது, நீங்கள்தான் சரியாகக் கேட்கவில்லை. அப்போது கேட்க வேண்டிய கேள்வி, "இதில் எது உங்களை அப்படி எழுத வைத்தது?" என்பது. விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். விரல் வெற்றுச் சுவரின் மேலோ இருண்ட மூலையின் மேலோ போய் நிற்கும் தருணங்களை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் அதே நாற்காலி, அதே ஜன்னல், அந்தக் குறிப்பு மட்டும் புதிது.